தாயாரின் தொழில்

நமது நாட்டில் பல்கலைக்கழகம் புகுவதற்கு ஒரு பிள்ளை தன்னைப் பற்றி எதையும் சொல்ல வேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சையின் சுட்டெண், இஸட் புள்ளி, மாவட்டம் ஆகிய மூன்றும் போதும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்பட, எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்குச் செல்கின்றது. நீ யார், உன் வீட்டில் என்ன நடக்கின்றது, எதை நினைத்து இரவில் விழித்திருக்கின்றாய் என்று எவரும் கேட்பதில்லை.

பாடசாலையிலும் நாம் கேட்பதில்லை. நீண்ட காலமாகத் தமிழ் கற்பிப்பவன் என்ற வகையில் இதைச் சொல்கின்றேன். 'ஐந்து ரூபா நாணயமொன்றின் சுயசரிதை', 'நான் ஒரு பழைய குடை' என்றெல்லாம் தலைப்புக் கொடுப்போம். பிள்ளைகள் நாணயத்துக்காகவும் குடைக்காகவும் மனமுருகி எழுதுவார்கள். 'எனது தாய்' என்று கொடுத்தாலோ வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளின் தாய்மாரும் ஒரே தாயாகிவிடுவார்கள். அதிகாலையில் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, வாசலில் நின்று வழி பார்த்திருக்கும் ஒரு தாய். அந்த நாற்பது பேரில் ஏழெட்டுப் பேருடைய உம்மாமார் அவ்வேளையில் குவைத்திலோ சவூதியிலோ இன்னொருவருடைய வாசலைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அது எந்தக் கொப்பியிலும் வந்ததில்லை.

இப்படி வளர்ந்த ஒரு பிள்ளையின் முன்னால் திடீரென்று ஒரு படிவம் வந்து, 'உன்னைப் பற்றிச் சொல்' என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதை 2023 இன் இறுதியில் எனது குடும்பத்திலேயே காண நேர்ந்தது.

எனது தங்கையின் மகள் புத்தளத்தில் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவராயினும் பணவசதியைப் பார்க்காமல் தெரிவு செய்து, தெரிவானவரின் குடும்பத்தால் எவ்வளவு இயலாதோ அவ்வளவையும் தாமே ஈடு செய்கின்றன. அவளது ஆங்கில ஆசிரியை இதை எங்கிருந்தோ அறிந்து வந்து சொல்லியிருந்தார். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதையும் அவரே சொல்லியிருந்தார். என்றாலும் விண்ணப்பிப்பதற்குக் கட்டண விலக்குக் கேட்கலாம் என்பதனால், முயன்று பார்ப்போம் என்று தொடங்கினாள். 2024 ஜனவரி 4 ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்க இருந்தது. ஒரு பக்கம் கணக்கீட்டுப் பாடம், மறு பக்கம் இந்தப் படிவம்.

1975 இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய 'கொமன் அப்ளிகேஷன்' என்ற அந்தப் பொது விண்ணப்பத்தை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. அதில் 650 சொற்களுக்கு மேற்படாத ஒரு கட்டுரை எழுத வேண்டும். உனது பின்னணி, நீ எதிர்கொண்ட தடை, நீ மாற்றிக்கொண்ட ஒரு நம்பிக்கை என்றவாறான தலைப்புகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். அதற்கு முன்னர் குடும்பம் பற்றிய பகுதி. பெற்றோர் சேர்ந்து வாழ்கின்றனரா, எதுவரை படித்தனர், என்ன தொழில். எல்லாம் முடிந்த பின்னர், எழுதியவை யாவும் உண்மை, எல்லாம் எனது சொந்த ஆக்கம் என்று கையொப்பமிட வேண்டும்.

தகப்பனாரின் தொழில்: உப்பளத் தொழிலாளி. அதை எழுதுவதில் பிரச்சினை இருக்கவில்லை. 'தாயாரின் தொழில்' என்ற கட்டத்தில் வந்து அவளது கை நின்றுவிட்டது.

எனது தங்கை 2014 இல் குவைத்துக்குப் போனாள். அப்போது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழு. இரண்டு வருடங்களுக்கொரு தடவை வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டுப் போவாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கலியாண வீட்டில் யாராவது கேட்டால், "வெளிநாட்டில" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அங்கே என்ன வேலை என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சொல் இருந்ததில்லை.

மூத்த நானாவுக்கு விடயம் எட்டியது. "ஹவுஸ் வைஃப் எண்டு போட்டுட்டுப் போங்க மகள். குடும்ப மானத்த அமெரிக்காக்காரனுக்கு ஏன் காட்டணும்? உம்மா வாப்பாட தொழில வச்சா படிப்புக் குடுக்கப் போறான்? இதெல்லாம் ஏன் கேக்கிறான்?" என்றார்.

நானாவின் கடைசிக் கேள்வி அலட்சியம் செய்யக்கூடியதன்று. அந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நல்ல வரலாறுமன்று. இற்றைக்கு நூறு வருடங்களுக்கு முன்னர், ஹார்வர்டில் யூத மாணவர்களின் தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக உயர்ந்தபோது, அதன் தலைவராயிருந்த லோவல் அதைக் குறைக்க விரும்பினார். 1922 இன் விண்ணப்பப் படிவத்தில் இனமும் நிறமும், சமயம், தாயின் கன்னிப் பருவக் குடும்பப் பெயர், தந்தை பிறந்த இடம் ஆகியன கேட்கப்பட்டன. பிறந்த பின்னர் உனது பெயரிலோ தந்தையின் பெயரிலோ மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா என்றும் கேட்கப்பட்டது. வெளிப்படையான ஒதுக்கீட்டை அங்குள்ள பேராசிரியர்கள் 1923 இல் நிராகரித்துவிட்டார்கள். ஆனால் 1926 இல் 'குணநலன்' என்ற அளவுகோல் உள்ளே வந்தது. பரீட்சைப் புள்ளியை எவராலும் மறுக்க முடியாது. குணநலனையோ பார்ப்பவர் விரும்பியபடி பார்க்கலாம். வேலை நினைத்தபடி முடிந்தது.

பெயரைக் கேட்டவுடன் அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்பதை 2019 ஏப்ரலுக்குப் பின்னர் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கேள்வி வாசலைத் திறப்பதற்கும் கேட்கப்படலாம், அடைப்பதற்கும் கேட்கப்படலாம். சொற்களில் வேறுபாடு தெரியாது.

இன்றைய படிவம் அந்தப் படிவமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். தாய் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், வீட்டுப் பணிப்பெண் என்பது தெரிந்தால், இந்தப் பிள்ளை எந்தப் படியிலிருந்து ஏறி வந்திருக்கின்றாள் என்று கணக்கிடும் அலுவலர்களும் இன்று அங்கே இருக்கின்றார்கள். ஆனால் உண்மையை எழுதுவதற்கு அதை ஒரு காரணமாக நான் அவளிடம் சொல்லவில்லை. இலாபம் வரும் என்பதற்காகச் சொல்லப்படும் உண்மை, இலாபம் வராத இடத்தில் நின்றுவிடும்.

நான் காட்டியது வேறொரு பக்கத்தை. உதவிப் பணம் கேட்பதற்கு 'சீ.எஸ்.எஸ். புரொஃபைல்' என்ற இன்னொரு படிவம் உண்டு. குடும்பத்தின் வருமானம், வீடு, சேமிப்பு, கடன் எல்லாவற்றையும் அது கேட்கும். தாய் வீட்டில் இருப்பவள் என்று இங்கே எழுதினால், மாதாமாதம் வங்கிக்கு வரும் 90 தினாரை அங்கே என்னவென்று எழுதுவது? அதை மறைத்தால் உப்பளக் கூலியில் இரு பிள்ளைகள் ரியூஷன் படித்த கதைக்கு விளக்கம் தேட வேண்டும். ஒரு கட்டத்தில் எழுதிய பொய், அடுத்த கட்டத்துக்கும் தன்னைப் போலவே ஒன்றைக் கேட்கும்.

அவள் என்னிடம் முடிவு கேட்கவில்லை. அன்றிரவு குவைத்துக்கே பேசினாள். அருகில் நானும் இருந்தேன்.

"உங்கட வேலைய என்னெண்டு போடுறது உம்மா?"

தங்கை சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "என்ட பத்தாக்காவில என்ன அடிச்சிருக்கோ அதையே போடுங்க மகள். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கக்குள்ள அதத்தான் அடிச்சுத் தாறாங்க. அதக் கையில வச்சிக்கிட்டுத்தானே நான் ரோட்டால போறன்" என்றாள்.

பத்தாக்கா என்பது அங்குள்ள அடையாள அட்டை. மகள் அந்தக் கட்டத்தில் எழுதினாள்: வீட்டுப் பணிப்பெண், குவைத்.

எனக்கு அப்போது வேறொரு படிவம் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்களுக்கு நமது நாட்டில் 2013 இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளைகள் எத்தனை பேர், வயது என்ன, நீ போனால் யார் பார்ப்பார் என்றெல்லாம் அதிகாரி கேட்டு எழுதுவார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அனுமதியில்லை. (அவ்வயதை இரண்டாகக் குறைக்க 2022 இல் அமைச்சரவை அனுமதித்தது.) எத்தனையோ பெண்கள் கடன்காரன் வாசலில் நிற்க, பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கேள்வி அவர்களுக்கு வாசலை அடைப்பதற்காகக் கேட்கப்பட்டது. எனது தங்கைக்குப் பொய் சொல்லும் தேவை இருக்கவில்லை. அவளது பிள்ளைகள் வளர்ந்திருந்தனர். உண்மை பேசுவதற்கும் சிலருக்குத்தான் வசதி வாய்க்கின்றது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது கட்டுரை.

தெரிந்தவர் ஒருவர் மூலம் கொழும்பில் ஓர் ஆலோசகருடன் அவளுக்குத் தொலைபேசித் தொடர்பு கிடைத்தது. அவர் குடும்பப் பின்னணியைக் கேட்டறிந்தார். மன்னாரிலிருந்து வந்தவர்கள் என்றதும் உற்சாகமாகிவிட்டாராம். "அதையே எழுதுங்கள். வெளியேற்றம், படகு, அகதி முகாம். இதைவிடப் பெரிய தடை எது? உங்களையே அந்தப் படகில் இருத்தி எழுதுங்கள். வாசிப்பவர் மறக்க மாட்டார்" என்று சொல்லியிருக்கின்றார்.

மகள் என்னிடம் வந்து, "1990 ல நான் பொறக்கவே இல்லையே மாமா" என்றாள்.

அந்தப் படகில் நான் இருந்தேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. தங்கைக்கு ஒன்பது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியாகக் கல்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களில் நாங்களும் அடக்கம். அதன் பின்னர் எத்தனை படிவங்கள்! உலர் உணவுக்கு ஒன்று, கிடுகுக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று. வந்தவர்களெல்லாம் என்ன நடந்தது என்று கேட்டார்கள். சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் கேட்பவரின் கண் கலங்கும் என்பது முகாமிலிருந்த சிறுவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. துயரம் பொய்யன்று. ஆனால் பலமுறை சொல்லப்பட்ட துயரம் ஆற்றுக் கல்லைப் போல வழுவழுப்பாகிவிடும். சொல்பவனுக்கே அது தன்னுடையதுதானா என்ற ஐயம் எழும்.

ஆகவே, "அது என்ட கதை மகள். உங்கட உம்மாட கதை. உங்களுக்கு அதுல எவ்வளவு பங்கு இருக்கோ அவ்வளவத்தான் எழுதலாம்" என்றேன்.

அமெரிக்காவிலேயே இதற்கொரு கசப்பான உதாரணம் உண்டு. லூசியானா மாநிலத்தில், பெரும்பாலும் கறுப்பின உழைப்பாளர் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த சிறிய தனியார் பாடசாலையொன்று, தனது மாணவர்களைப் பெரும் கல்லூரிகளுக்கு அனுப்பி நாடெங்கும் புகழ்பெற்றிருந்தது. 2018 நவம்பரில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை உள்விடயத்தை வெளியிட்டது. புள்ளிப் பத்திரங்கள் திரிக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளின் வாழ்வில் இல்லாத கஷ்டங்கள் விண்ணப்பங்களில் புனையப்பட்டிருந்தன. அப்பிள்ளைகளுக்கு உண்மையான கதைகள் இல்லாமலா இருந்திருக்கும்? வாசிப்பவர் எதிர்பார்க்கும் துயரம் எதுவோ அது பிள்ளையின் சொந்தத் துயரத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2023 ஜூன் 29 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தெரிவின்போது இனத்தை ஒரு காரணியாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. அதேவேளை, இனம் தனது வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று ஒருவர் எழுதுவதைக் கருத்திற்கொள்ளத் தடையில்லை என்றும் அத்தீர்ப்பில் கூறப்பட்டது. அதன் பின்னர் இக்கட்டுரைகளின் சுமை இன்னும் கூடிவிட்டது.

மகள் முதலில் தமிழில்தான் எழுதினாள். அவளது கட்டுரை ஒரு சீ.ஆர். கொப்பியைப் பற்றியது. உம்மா அனுப்பும் பணத்துக்குப் பத்து வயதிலிருந்து கணக்கு எழுதி வந்தவள் அவள். வாப்பாவின் மருந்து, தம்பியின் ரியூஷன், சீட்டுக் காசு, கடைக் கணக்கு. வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டுவாள். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது, அதே தினாருக்கு முன்னரிலும் அதிக ரூபா கிடைத்தும், மாதக் கடைசியில் கொப்பியின் மீதி சுருங்கியதைக் கண்டு அவள் திகைத்திருக்கின்றாள். அரிசியின் விலையையும் பால்மாவின் விலையையும் பக்கத்தில் எழுதி, ஏன் என்று தானே கண்டுபிடித்திருக்கின்றாள். பொருளியலில் அவளுக்கு ஆர்வம் பிறந்த கதை அது. படகு இல்லை, முகாம் இல்லை. ஒவ்வொரு வரியும் அவளுடையது.

அதன் கடைசிப் பந்தியில் இன்னொன்றும் இருந்தது. உம்மா விடுமுறையில் வந்தால் வீடு சிறிதாகிவிடுகின்றது என்று எழுதியிருந்தாள். கொப்பி உம்மாவின் கைக்குப் போய்விடும். சமையலறையின் சாமான்கள் இடம் மாறும். இரண்டு மாதம் முடிந்து விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் தனக்கு அழுகை வரவில்லை, ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைக் கண்டு தான் பயந்துபோனேன் என்று எழுதியிருந்தாள்.

வாசித்துவிட்டு நான் வெளியே போய் நின்றேன். அது என் தங்கையைப் பற்றிய வரி. அவள் அங்கே தேய்த்த தரையெல்லாம் இதற்காகவா என்று ஒரு கணம் கோபமும் வந்தது. ஆனால் தமிழ் ஆசிரியனாக நான் திருத்திய ஆயிரக்கணக்கான 'எனது தாய்' கட்டுரைகளில் ஒன்றிலேனும் இப்படியொரு உண்மையைக் கண்டதில்லை. வெளிநாடு போன உம்மாமாரின் பிள்ளைகளைப் பற்றி நாம் எழுதிய கதைகளில் அவர்கள் ஏங்குவார்கள், அழுவார்கள். பழகிப்போய்விடுவார்கள் என்பதை எழுத நமக்கே துணிவு வந்ததில்லை.

அந்தப் பந்தி போயிருந்தால் வாசித்த அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது அவள் அதை எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"இது உம்மாக்கே தெரியாது மாமா. அவங்களுக்குச் சொல்லாதத ஊர் பேர் தெரியாத ஆக்களுக்கு எப்பிடிச் சொல்றது?"

அந்தப் பதில் எனக்குள் இருந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைத்தது. நேர்மை என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்ற ஓர் எண்ணம் இந்தப் படிவங்களோடு சேர்ந்து வருகின்றது. நமது பக்கத்திலோ எல்லாவற்றையும் மூடிவைப்பதே மானம் என்று பழகியிருக்கின்றோம். பதினெட்டு வயதுப் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் தனது வழியைக் கண்டுகொண்டாள். தாயின் தொழிலை மறைக்கவில்லை, ஏனெனில் மறைத்தால் அது பொய். 1990 ஐ எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் அது தன்னுடையதன்று. விமான நிலைய வழியில் வந்த நிம்மதியைச் சொல்லவில்லை, ஏனெனில் அதை முதலில் கேட்க உரிமையுள்ளவர் வேறொருவர். இல்லாததைச் சொல்வதும் இருப்பதைத் தன்னிடம் வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல.

விண்ணப்பித்த எந்தக் கல்லூரியிலும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒன்று மாத்திரம் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. பின்னர் அதுவும் இல்லை என்றாயிற்று. அந்தப் பந்தி இருந்திருந்தால் கிடைத்திருக்குமா, படகில் ஏறியிருந்தால் கிடைத்திருக்குமா என்று மூத்த நானா இன்னும் கேட்கின்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அவளைப் பற்றி எதுவுமே கேட்காத நமது பல்கலைக்கழகமொன்று, இஸட் புள்ளியையும் புத்தளம் மாவட்டத்தையும் பார்த்து அவளைச் சேர்த்துக்கொண்டது. கணக்கியல் படிக்கின்றாள்.

2024 இல் தங்கை விடுமுறையில் வந்தபோது மகள் அந்தப் பந்தியை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கின்றாள். தங்கை கோபிக்கவில்லையாம். சற்று நேரம் இருந்துவிட்டு, "எனக்கும் அங்க போய் இறங்கினாத்தான் மகள் மூச்சு வரும். இங்க எந்தச் சாமான் எங்க இருக்கெண்டே எனக்குத் தெரியாது" என்றாளாம். இதை எழுதட்டுமா என்று இருவரிடமும் கேட்டேன். மகள் சரி என்றாள். தங்கை, "பேர் போடாம எழுதுங்க நானா" என்றாள். போடவில்லை.

இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களில் பலர் எழுதுகின்றவர்கள் என்பதனால்தான் இதை இங்கே எழுதினேன். முகாமையும் படகையும் வெளிநாடு போன உம்மாமாரையும் நாம் நிறைய எழுதியிருக்கின்றோம். 'இது உண்மையா' என்று மாத்திரமே நம்மை நாம் கேட்டுக்கொள்கின்றோம். இது யாருடைய உண்மை, இதை முதலில் அறிய வேண்டியவர் அறிந்துவிட்டாரா என்ற இரண்டு கேள்விகள் அதற்குப் பின்னால் நிற்கின்றன. எந்தப் படிவத்திலும் அவற்றுக்கென்று ஒரு கட்டம் இல்லை.